இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

அன்புள்ள ஐயா,

புனித வெள்ளியன்று அலுவலக நண்பருடன் மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்குப் போயிருந்தேன். பாடல்களும் அமைதியும் மனத்தைத் தொட்டன. பிரசங்கம்தான் இன்னும் உறுத்துகிறது. மனிதரின் பாவத்தால் மூண்ட தேவகோபம் தணிய அவர் மகன் இயேசு சிலுவையில் இரத்தம் சிந்த வேண்டியிருந்தது என்றார் போதகர். மன்னிக்க மனமுள்ள கடவுளுக்கு இரத்தம் எதற்கு? ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவன் சாவது எந்த ஊர் நீதி? நான் கிறிஸ்தவன் அல்லன். கேட்டது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

பொறுத்துக்கொள்ள இதில் ஒன்றுமே இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டவர் ஓர் ஆயர். நசியான்சுஸ் ஊர்க் கிரகோரி ஈஸ்டர் உரை ஒன்றில் அந்த இரத்தம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கிறார். சாத்தானுக்கு என்றால் வெட்கக்கேடு. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா? தந்தைக்கு என்றால் எதற்காக? ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட வந்தபோதே தடுத்து ஆட்டுக்கடாவைக் காட்டியவர் அல்லவா அவர்? இப்படிக் கேட்டவரைத் திருச்சபை புனிதராகவே போற்றுகிறது.

நீங்கள் கேட்ட பிரசங்கத்தின் வேர் பிற்காலத்தது. கான்டர்பரி பேராயர் அன்செல்ம் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை 1098இல் முடித்தார். பிரபுவின் மானத்துக்கு இழுக்கு நேர்ந்தால் ஈடு செய்தாக வேண்டிய காலம் அது. பாவத்தையும் அவர் அப்படியே பார்த்தார். தந்தை மகனைத் தண்டித்தார் என்று அவர்கூடச் சொல்லவில்லை. பதினாறாம் நூற்றாண்டில், சட்டம் படித்த புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினிடம்தான் தீர்ப்பும் தண்டனையும் முன்னுக்கு வந்தன. அதிலும் ஆழம் உண்டு. குற்றம் லேசாகத் துடைத்துவிட்டுப் போகக்கூடியதல்ல என்று அது அழுத்திச் சொல்கிறது. ஆனால் பிரசங்க மேடையில் அவசரமாகச் சொல்லப்படும்போது, கோபக்காரத் தகப்பனும் அடிவாங்கும் மகனுமாகத் தேய்ந்துவிடுகிறது. விசுவாசியான எனக்கும் அது வலிக்கிறது.

நான் பற்றிக்கொண்டிருப்பது ‘மீட்பு’ என்ற சொல்லை. என் சிறுவயதில் அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. வட்டி ஏறி, நகை மூழ்கிப்போகும் நாள் நெருங்கியபோது மாமா வந்தார். கறவை மாட்டை விற்ற பணம் அவர் மடியில் இருந்தது. வளையல்களை மீட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டு, “திருப்பித் தர வேண்டாம் அக்கா” என்றார். அம்மாவுக்குக் கடன் தீர்ந்தது. மாமா வீட்டுத் தொழுவம் பல மாதங்கள் வெறுமையாகக் கிடந்தது.

எபிரேய மொழியில் இந்த மாமாவுக்கு ஒரு பெயர் உண்டு: கோயேல். வறுமையால் ஒருவன் நிலத்தை விற்றுவிட்டால், நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும் என்கிறது வேதாகமத்தின் லேவியராகமம் 25ஆம் அதிகாரம். ரூத்தின் கதையில், விதவையான நகோமியின் நிலத்தை உறவினரான போவாஸ் மீட்டது இந்த முறையில்தான். ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்று யோபு கதறும்போது சொல்வதும் இதே சொல்தான். மீட்பவன் முதலில் உறவினன். இழப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவனும் அவனே. சிலுவையில் கடவுள் கடன்காரரிடம் வசூலிக்கிறார் என்பதைவிட, தொழுவத்தை வெறுமையாக்கிக்கொள்கிறார் என்பதே எனக்கு வேதாகமத்துக்கு நெருக்கமாகப் படுகிறது. கோபத்தைத் தணிக்கும் பலி என்று பலர் வாசிக்கும் ரோமர் 3:25இலும், ‘கிருபாதாரபலி’யை ஏற்படுத்துபவர் கடவுளேதான். அங்குள்ள கிரேக்கச் சொல், பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தையும் குறிக்கும்.

அடகுக் கடைக்காரர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த இடத்தில் உவமை நின்றுவிடுகிறது. கிரகோரியும் அங்கேதான் நின்றார்.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. 1941 ஜூலை இறுதியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து ஒரு கைதி தப்பினார் என்பதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பிரான்சிசெக் காயோவ்னிச்செக் மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்துக் கதறினார். பிரான்சிஸ்கன் குருவான மாக்சிமிலியன் கோல்பே வரிசையிலிருந்து வெளியே வந்து, அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்பும்படி கேட்டார். பட்டினியிலும் சாகாத அவரை ஆகஸ்டு 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். காயோவ்னிச்செக் 1995 வரை வாழ்ந்தார். 1982இல் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்டபோது ரோமில் இருந்தார்.

இங்கே நீதி நிறைவேறியது என்று யாராவது சொல்வார்களா? அந்த இடமாற்றத்துக்குச் சம்மதித்த அதிகாரியை நீதிபதி என்று அழைப்போமா? அங்கிருந்தது கொடுமை மட்டுமே. அதன் நடுவே ஒருவர் தம் விருப்பத்தால் இன்னொருவரின் இடத்தில் போய் நின்றார். இயேசுவைக் கொன்றதும் ரோம ஆளுநர் பிலாத்துவின் ஆணையும் ரோமச் சிப்பாய்களின் ஆணிகளும்தான். அந்தக் கொலையைக் கடவுளின் நீதி என்று சொல்ல என் நா எழவில்லை. கொலைக்களத்தில் நம் இடத்தில் வந்து நின்றவர் கடவுள் என்றே விசுவாசிக்கிறேன். கோல்பே கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானித்திருப்பீர்கள். முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்.” ஆணி அடித்தவர்கள் கேட்காமலே, அவர் உயிர் பிரிவதற்கு முன்பே வந்த மன்னிப்பு அது.

அன்புடன்.