டெங்கு டெஸ்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

அம்மாவுக்குக் காய்ச்சல், உடம்பு வலி, டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், இனிப் பயமில்லைதானே என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சலின் எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தீர்கள் என்று எழுதவில்லையே! ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 டெஸ்டை முதல் ஐந்து நாளுக்குள் எடுக்க வேண்டும். அப்போதும் சில நேரம் டெங்கு அதில் தப்பிவிடும். பிந்தினால் ஐஜிஎம், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

நான் டொக்டர் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். 2025இல் கொழும்பில், டெங்குபோல நுளம்பால் வரும் சிக்குன்குனியா பரவியிருந்த நேரம், எங்கள் அம்மா அங்கே தம்பியின் அறையில் ஒரு கிழமை இருந்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் காய்ச்சல். மறுநாளே என்எஸ்1 எடுத்தோம், நெகட்டிவ். "சும்மா வைரஸ் காய்ச்சல்" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த மலைக் குளிரில் ஏது நுளம்பு என்று நாங்களும் இருந்துவிட்டோம். நுளம்பு கடித்தது கொழும்பில் என்பது உறைக்கவில்லை.

நாலு நாளில் காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை. விரல் மடங்காது. சாயத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவார். அந்தக் கையோடு கொழுந்து பறிக்கப் போனால், நடிக்கிறாள் என்றார் கங்காணி. மூன்று கிழமை கழித்துக் கண்டியில் சோதித்தபோதுதான் சிக்குன்குனியா ஐஜிஎம் பாசிட்டிவ் வந்தது.

"பேர் தெரிந்து என்ன, அதற்கு மருந்தா இருக்கிறது?" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தனி மருந்து இல்லைதான். ஆனால் டெங்கு இல்லை என்று டொக்டர் உறுதியாகச் சொல்லும்வரை டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எதுவும் கூடாது, ரத்தம் கசியும். பரசிட்டமோல் மட்டும்தான். அம்மா இரண்டாம் நாளே கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். டெங்குவாக இருந்திருந்தால்?

இன்னொன்று, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுதல் என்றால் நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மூன்று கிழமையும் அம்மா கொழுந்து மலைக்குப் போன நாளுக்கெல்லாம் தோட்டத்தில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் டெங்கு என்று இல்லையே" என்றார்கள்.