மூன்றாம் அத்தியாயத்தில் யார் பேசுகிறார்?

வணக்கம். ஜப்பானிய எழுத்தாளர் கனாயே மினாட்டோ 2008இல் வெளியிட்ட 'கன்ஃபெஷன்ஸ்' நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் பேசுபவர் யார் என்றே பிடிபடவில்லை என்றும், முதல் அத்தியாயத்தின் இறுக்கம் அதன்பின் கலைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள்.

அங்கு குரல்கள் இரண்டு. தொடக்கத்தில் பேசுபவர் மாணவன் நவோகியின் அக்கா. பிறகு வருவது அவர் எடுத்து வாசிக்கும் தாயின் நாட்குறிப்பு. இந்த மாற்றத்தைத் தவறவிட்டால் குழப்பம் ஏற்படுவது இயல்பே.

கலைந்துவிட்டது என்ற உங்கள் கருத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு குரலும் யாரை நோக்கி எழுகிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில் ஆசிரியை மொரிகுச்சி வகுப்பின் முன் நின்று பேசுகிறார். மாணவர்களின் குறுக்கீடுகள் அச்சில் இல்லாததால், அவருடைய மறுமொழிகளிலிருந்தே அவற்றை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது, அந்த ஒருதலைப் பேச்சே அவருக்கு அச்சுறுத்தும் அதிகாரத்தைத் தருகிறது. இரண்டாம் அத்தியாயம் ஒரு மாணவி அவருக்கு எழுதும் கடிதம். தாயின் நாட்குறிப்புக்கோ வாசகரே இல்லை. ஆகவே மகன்மீதான கண்மூடித்தனமான நம்பிக்கையையும், பழியை ஆசிரியைமீது சுமத்தும் வேகத்தையும் அவர் மறைக்கவே முயல்வதில்லை. என் பார்வையில் நாவலின் மிகத் துயரமான பக்கங்கள் இவைதாம்.

முடிவைச் சொல்லாமல் ஒன்று கூறுகிறேன்: நான்காம் அத்தியாயம் நவோகியின் பார்வையில் வருகிறது. அதைத் தொடங்குமுன், மகனின் நடத்தையைத் தாய் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்பதை நாட்குறிப்பில் மீண்டும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஒரே செயலுக்கு அவர் தரும் காரணமும் அவன் தரும் காரணமும் எங்கே விலகுகின்றன என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.