பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ்' என்று வந்திருக்கிறதா?

கேள்வி: முதுகில் இருந்த மச்சத்தை 'ஏடிபிக்கல் மோல்' என்று சொல்லி டாக்டர் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளாஸ்டிக் நீவஸ், மாடரேட்' என்று போட்டிருக்கிறது. இது கேன்சரா? மறுபடி வெட்ட வேண்டுமா?

பதில்: கேன்சர் இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

'ஏடிபிக்கல்' என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது. ஓரம் மங்கலாகி சுற்றியுள்ள தோலோடு கலந்திருக்கும், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரியும், அளவும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கும். 'நீவஸ்' என்றால் மச்சம், 'டிஸ்பிளாஸ்டிக்' என்பது மைக்ரோஸ்கோப்பில் செல்களைப் பார்த்த பாத்தாலஜிஸ்ட் (லேப் டாக்டர்) எழுதுவது. கண்ணுக்குக் கோணல்மாணலாகத் தெரிந்த மச்சம் லேபில் சாதாரணமாக வருவதும் உண்டு. இந்தப் பெயர்க் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1978-இல் அமெரிக்காவில் வாலஸ் கிளார்க் குழுவினர், மெலனோமா என்ற தோல் கேன்சர் பரம்பரையாக வரும் குடும்பங்களில் இவற்றைப் பார்த்து 'பி-கே மோல்' என்று பெயர் வைத்தார்கள், 1992-இல் அங்கேயே ஒரு நிபுணர் குழு 'டிஸ்பிளாஸ்டிக்' என்ற சொல்லையே கைவிடச் சொன்னது, ஆனால் அது இன்றும் ரிப்போர்ட்டுகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

என்னைக் கேட்டால், பெயரை விட்டுவிட்டு கிரேடையும் (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற அளவு) மார்ஜினையும் (வெட்டி எடுத்த துண்டின் ஓரம்) பாருங்கள். 2018 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் பழைய 'மாடரேட்' இப்போது 'லோ கிரேடு', 'சிவியர்' தான் 'ஹை கிரேடு'. உங்களுடையதில் 'மார்ஜின் கிளியர்' என்று இருந்தால் மறுபடி வெட்டத் தேவையில்லை. மார்ஜினில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், தோலில் மச்சம் கண்ணுக்கு எதுவும் தெரியாதபட்சத்தில், மாடரேட்டுக்குப் பெரும்பாலும் கவனித்து வந்தாலே போதும், ஆனால் அதை உங்கள் டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். சிவியர் என்றால் கதை வேறு, மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுவதுதான் நல்லது.

அப்புறம், மீதி மச்சங்களையும் 'எதற்கு வம்பு' என்று எடுத்துத் தள்ளாதீர்கள். பெரும்பாலான மெலனோமா பழைய மச்சத்தில் தொடங்குவதில்லை, வெறும் தோலில் புதிதாக வருகிறது. அதனால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு சேராமல் தனியாகத் தெரிவதையும் மாறிக்கொண்டே இருப்பதையும் காட்டுங்கள். ரத்த சொந்தத்தில் யாருக்காவது மெலனோமா இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பார்லரில் மச்சத்தைச் சுட்டு எடுக்கவே வேண்டாம், லேபுக்கு அனுப்ப ஒரு துண்டுகூட மிஞ்சாது.

நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தப்பிவிடும். ஒரே ஒரு நகத்தில் கருங்கோடு விழுந்து, அது அகலமாகிக்கொண்டே போனாலோ நகத்தை ஒட்டியுள்ள தோலுக்கும் கறுப்பு பரவினாலோ, அடிபட்டதாக இருக்கும் என்று விட்டுவிடாமல் தோல் டாக்டரிடம் போய் டெர்மோஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துவிடுங்கள்.