தேவதாஸுக்குத் தன் மேல் கோபமே இல்லை

கேள்வி: தன்னைத்தானே வெறுக்கும் பாத்திரம் என்றால் அது தேவதாஸ்தான். திரையிலோ தொலைக்காட்சியிலோ அவனை மிஞ்ச இன்றுவரை யாராவது உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தேவதாஸ் எப்போது ஐயா தன்னை வெறுத்தான்? 1953இல் நாகேஸ்வர ராவ் 'உலகே மாயம்' என்று உருகினாரே, அங்கேயே விடை இருக்கிறது. அவன் பழித்தது உலகத்தை. சாவதற்குக்கூடப் பார்வதியின் வாசலைத் தேடிப் போகிறான். தன் மேல் அவ்வளவு பரிதாபம். அடுத்த ஆண்டு வந்த 'ரத்தக்கண்ணீர்' மோகன், தொழுநோயில் உருக்குலைந்த பிறகும் தனக்குச் சிலை வைக்கச் சொல்கிறான். எம்.ஆர்.ராதா சொன்னதால் கைதட்டினோம்.

நீங்கள் பார்க்க வேண்டியவன் 2016இல் வந்த 'மான்செஸ்டர் பை த சீ' படத்தின் லீ சாண்ட்லர். போதையில் கணப்பை மூட்டிவிட்டு, அதன் முன் தடுப்பு வைக்க மறந்து, பீர் வாங்கக் கடைக்கு நடக்கிறான். திரும்பினால் வீடு எரிகிறது. உள்ளே மூன்று குழந்தைகள். காவல் நிலையத்தில் எதையும் ஒளிக்காமல் சொல்கிறான். மறதி குற்றமாகாது, நீ போகலாம் என்கிறார்கள். அந்த நொடியில் கேஸி அஃப்ளெக்கின் முகத்தைக் கவனியுங்கள். கேட்டது கிடைக்காதவனின் முகம். வெளியே வந்ததும் ஒரு காவலரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்க்கிறான். அதையும் தடுத்துவிடுகிறார்கள். பிறகு தரைக்குக் கீழே ஓர் ஒற்றை அறை, ஊரார் கழிப்பறை அடைப்பை எடுக்கும் வேலை, மதுக்கடையில் வலியப் போய் அடிவாங்குவது. முன்னாள் மனைவி தெருவில் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கும்போது அவனால் அங்கே நிற்க முடியவில்லை. அஃப்ளெக்குக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், நியாயம்தான்.

தொலைக்காட்சியில் என் ஓட்டு ஒரு குதிரைக்கு. சிரிக்காதீர்கள். 'போஜாக் ஹார்ஸ்மேன்' கார்ட்டூன் தொடரின் நாயகன் மார்க்கெட் இழந்த நடிகன், குதிரைத் தலையன். தப்பைச் செய்வான்; அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டால் கணக்கு நேராகிவிட்டதாக நினைப்பான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். நண்பன் டாட் இதை முகத்துக்கு நேரே சொல்லியும்விடுகிறான். ஆனால் 2017இல் வந்த நான்காம் பருவத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. விழித்தது முதல் மண்டைக்குள் ஒரு குரல் அவனை வைதுகொண்டே இருக்கிறது. பால் வாங்கக் கிளம்பியவன் மதுக்கடையில் உட்கார்ந்துவிட, அதற்கும் வசவு. இரவில், அவன் தன் மகள் என்று நம்பும் பதின்வயதுப் பெண் கேட்கிறாள்: "நீ எதற்கும் லாயக்கில்லை என்று மண்டைக்குள் ஒரு குரல் சொல்கிறதே, அது இந்த வயதுக்கே உரியதுதானே? போய்விடும் இல்லையா?"

ஐம்பதைத் தாண்டிய அந்தக் குதிரை, "ஆமாம்" என்கிறது.