குற்றவியல் சட்டத்தில் எல்எல்.எம்.: எப்போது, எங்கே, எதற்காக? டெல்லி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

டெல்லியில் சட்டம் படிக்கும் தமிழ் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, குற்றவியல் சட்டம் கற்பிக்கும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் கொண்ட எங்கள் குழு இம்முறை பதில் தருகிறது.

கேள்வி: ஐந்தாண்டு பி.ஏ. எல்எல்.பி. முடித்துவிட்டேன். கிரிமினல் வழக்கறிஞர் ஆக ஆசை. பிறகு நீதிபதித் தேர்வும் எழுத வேண்டும். உடனே எல்எல்.எம். சேரலாமா, தீஸ் ஹசாரியில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராகப் போகலாமா?
– வாசகி, மயூர் விஹார்

நீதிமன்றத்தில் வழக்காட எல்எல்.எம். என்ற சட்ட முதுநிலைப் பட்டம் தேவையில்லை. எல்எல்.பி. பட்டமும் பார் கவுன்சில் பதிவும் அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சியும் இருந்தால் போதும். பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பணத்துக்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காலம் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணப்படும். பத்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் சான்று தர வேண்டும், அதை நீதித்துறை அதிகாரி ஒப்புக் கையெழுத்திட வேண்டும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். எல்எல்.எம். வகுப்பில் கழித்த மாதங்களும் சேரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எனவே முதலில் பதிவு, பிறகு ஜூனியர் வேலை, எல்எல்.எம். அதற்குப் பின் என்பதே உங்களுக்கு எங்கள் ஆலோசனை. ஜூனியராக இருக்கும்போது முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் வழக்கு எண், நீதிமன்றம், தேதி, அன்று நடந்தது என்ன என்று எழுதி வையுங்கள். வக்காலத்தில் சீனியர் பெயருடன் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். ஆஜரான நாளில் உத்தரவுத் தாளில் உங்கள் பெயரைப் பதியச் சொல்லி ரீடரிடம் (நீதிபதியின் முன் அமரும் நீதிமன்ற ஊழியர்) கேளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். சீனியர் பெயர் மட்டுமே உள்ள தாள்களை வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்துச் சான்று தேடுவது பெரிய அவஸ்தை.

கல்லூரி ஆசிரியராகவோ ஆய்வாளராகவோ ஆக விரும்புகிறவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்கள் நேரே எல்எல்.எம். சேரலாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. வேலையை விடாமல் குற்றவியல் சட்டத்தில் முதுநிலை படிக்க வழி உண்டா?
– வாசகர், ஆர்.கே. புரம்

டெல்லிப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில் இரண்டாண்டுப் படிப்போடு மூன்றாண்டு எல்எல்.எம்.மும் இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்கள் நாடுவது இதைத்தான். சேர்க்கை சியூஇடி முதுநிலைத் தேர்வு வழியாக நடக்கிறது. சேர்வதற்கு முன்பே துறையின் எழுத்துபூர்வ அனுமதியை வாங்கிவிடுங்கள். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி 49 இடம் தராது. பட்டம் உங்களுக்குச் சட்டப் பிரிவுப் பணிகளிலோ ஓய்வுக்குப் பிறகோதான் கைகொடுக்கும்.

கேள்வி: டிசம்பரில் கிளாட் முதுநிலைத் தேர்வு எழுதப் போகிறேன். குற்றவியல் சட்டம்தான் என் பலம். ஆனால் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறேன். எப்படிப் படிப்பது?
– மாணவர், முனிர்கா

முதலில் ஓர் எச்சரிக்கை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில் குற்றவியலுக்குத் தனித் தாள் கிடையாது. 120 நிமிடத்தில் 120 கேள்விகள், தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழிவு. கேள்விகள் தீர்ப்புகளிலிருந்து எடுத்த நீண்ட பத்திகளின் மேல் வரும், அரசியலமைப்புச் சட்டத்தின் பங்கு கனமாக இருக்கும். கிரிமினல் பிரியர்கள் சறுக்குவது இங்கேதான். கைது, ஜாமீன், தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை எல்லாவற்றுக்கும் வேர் அரசியலமைப்பின் 20, 21, 22ஆம் பிரிவுகளில் இருக்கிறது. நார்கோ சோதனை பற்றிய 2010ஆம் ஆண்டின் செல்வி வழக்குத் தீர்ப்பை முழுதாகப் படித்தால் அரசியலமைப்பும் குற்றவியலும் ஒன்றாகவே பிடிபடும். டெல்லியில் துவாரகாவிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் செல்லாது, ஏலெட் என்ற தனித் தேர்வு எழுத வேண்டும்.

இனி உங்கள் குழப்பம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 358, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 531 பிரிவுகளுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 170 பிரிவுகளுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம். மாறாத எண்ணே ஆளை அதிகம் ஏமாற்றும். 482 என்றதும் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யும் அதிகாரம் என்றுதான் மனம் ஓடும். புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 முன்ஜாமீன், ரத்து அதிகாரம் 528க்குப் போய்விட்டது. பழைய 173 குற்றப்பத்திரிகை. புதிய 173 முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை இப்போது 193. தண்டனைச் சட்டத்துக்கு வந்தால், 302 இப்போது கொலையல்ல, கொலைக்கு 103. நியாய சன்ஹிதாவின் 302 மத உணர்வைப் புண்படுத்தும் சொற்கள் பற்றியது. இந்த மூன்று எண்களையும் முதல் வாரத்திலேயே மனதில் ஆணியடித்துவிடுங்கள்.

எண் அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நின்றால் போதாது, உள்ளடக்கம் மாறிய இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3). மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள புகாரில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு அதே சட்டத்தின் 173(3) இடம் தருகிறது. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்ற 2013ஆம் ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்போடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 15 நாள் போலீஸ் காவலை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் பிரித்தும் கேட்கலாம் என்ற 187ஆம் பிரிவு இன்று நீதிமன்றங்களில் அதிகம் வாதிடப்படுவது. மின்னணு ஆவணத்துக்கான 65பி சான்றிதழ் இப்போது சாக்ஷ்ய அதினியத்தின் 63. அதில் தாக்கல் செய்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்ப வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும்.

பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான். அன்று நிலுவையில் இருந்த விசாரணையும் மேல்முறையீடும் பழைய நடைமுறையிலேயே தொடரும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் முன்பு நடந்து, புகார் பின்பு பதிவானால் குற்றப் பிரிவு பழையது, நடைமுறை புதியது. இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டும் தெரிந்தவருக்கே மதிப்பு.

கேள்வி: என் மகள் ஓராண்டு எல்எல்.எம். சேர்ந்திருக்கிறாள். ஆய்வேட்டுக்கு "இந்தியாவில் ஜாமீன் சட்டம்" என்று தலைப்பு கொடுத்தாள், வழிகாட்டி திருப்பிவிட்டார். நல்ல தலைப்பு எப்படி இருக்க வேண்டும்? வேலைக்கு அது உதவுமா?
– தாய், கரோல் பாக்

அந்த வழிகாட்டி செய்தது சரி. ஓராண்டு எல்எல்.எம். என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்தபடி 24 கிரெடிட்: மூன்று கட்டாயத் தாள்கள், ஆறு விருப்பத் தாள்கள், ஓர் ஆய்வேடு. அதே தாள்களைப் பலரும் எழுதியிருப்பார்கள். நேர்காணலில் உங்கள் மகளைத் தனித்துக் காட்டக்கூடியது ஆய்வேடு ஒன்றே. அதற்குக் கையில் இருப்பதோ சில மாதங்கள். இந்திய ஜாமீன் சட்டம் முழுவதையும் எடுத்தால் ஏற்கெனவே பாடநூலில் உள்ளதைத் திரும்ப எழுதியதாகத்தான் முடியும்.

ஒரு பிரிவு, ஓர் இடம், ஒரு காலம் என்று சுருக்கச் சொல்லுங்கள். ஓர் உதாரணம் தருகிறோம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லியில் ஏழு மாவட்ட நீதிமன்ற வளாகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை, உதாரணமாக ரோகிணியையோ சாகேத்தையோ எடுத்துக்கொண்டு, ஆறு மாத உத்தரவுகளில் இந்தப் பிரிவு எப்படிக் கையாளப்பட்டது என்று பார்த்தால் அது ஆய்வு.

அட்டவணையில் குறைந்தது இவ்வளவு இருக்கட்டும்: குற்றப் பிரிவு, கைதான தேதி, மனுவைப் போட்டவர் கண்காணிப்பாளரா, சட்ட உதவி வழக்கறிஞரா, சொந்த வழக்கறிஞரா, உத்தரவு, மறுத்தால் காரணம். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் விடுவிக்க முடியாது என்ற உட்பிரிவு பெரிய தடையாக இருக்கும். எனவே அதற்கு ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லுங்கள். உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு, அந்த இடைவெளியையும் எண்ண வேண்டும். ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி உத்தரவு.

எங்கே சிக்கும்? நீதிமன்ற உத்தரவுகள் பதிவேறும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேதிவாரியாக, நீதிமன்றவாரியாகத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கேப்சா கேட்கும், ஆகவே நாளுக்கு இத்தனை என்று முதல் மாதமே தொடங்கிவிட வேண்டும். சிறைக்குள் பேட்டி எடுக்கச் சிறைத் தலைமையகத்தின் முன் அனுமதி வேண்டும். அது வந்துவிடும் என்று நம்பி ஆய்வையே அதன் மேல் கட்டக் கூடாது. தகவல் உரிமை மனுவுக்கு 30 நாள் கெடு என்றாலும் மேல்முறையீட்டுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். பாலியல் குற்ற வழக்கு எதையாவது தொட்டால் பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ ஒரு வரியிலும் வரக் கூடாது. நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் அதுவே இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இப்படி நூறு உத்தரவுகளைப் படித்த மாணவி, எந்தக் காரணத்துக்கு ஜாமீன் மறுக்கப்படுகிறது என்பதைச் சீனியருக்கே எடுத்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிடுவாள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில் உதவி வழக்கறிஞர் இடத்துக்கு மூன்று ஆண்டுக்குள் அனுபவமுள்ளவர்களையும் எடுக்கிறார்கள். அந்த நேர்காணலில் இந்த ஆய்வேடு நேரடியாகப் பேசும்.

பாட்டியாலா ஹவுஸ், ரவுஸ் அவென்யூ நீதிமன்றங்களில் வாரத்தில் ஒரு பொழுதாவது போய் உட்காரச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையில் ரோஸ்நாம்சா (தினசரிப் பதிவேடு), தஃப்தீஷ் (புலனாய்வு), இஸ்தகாசா (முறையீடு) போன்ற பாரசீக, அரபுச் சொற்கள் வரும். இந்தி பேசத் தெரிந்த பிள்ளைகளும் கையெழுத்தில் அவற்றைப் படிக்கத் திணறுவார்கள், பழகினால்தான் வரும்.

கேள்வி: டெல்லியில் எல்எல்.எம். முடித்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி அரசு உதவி வழக்குரைஞர் ஆக முடியுமா?
– வாசகர், துவாரகா

முடியும். ஆனால் அதற்கு எல்எல்.எம். தகுதி நிபந்தனை அல்ல. தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி நடத்தும் இரண்டாம் நிலை அரசு உதவி வழக்குரைஞர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத வழக்காடிய அனுபவமும் தமிழறிவும் கேட்கிறார்கள். டெல்லியில் பதிவு செய்திருந்தால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி பெயரைத் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. டெல்லியில் பள்ளி முடித்தவர்கள் தமிழைப் பேசுவதோடு விடாமல், காவல்துறைத் தமிழில் எழுதிய வாக்குமூலங்களை வேகமாகப் படித்துப் பழக வேண்டும். அங்கே கோப்பு முழுக்க அதுதான். டெல்லியிலேயே இருக்க நினைத்தால், இங்குள்ள அரசு உதவி வழக்குரைஞர்களையும் சிபிஐயின் வழக்குரைஞர்களையும் யுபிஎஸ்சி தேர்ந்தெடுக்கிறது.

கேள்வி: அஞ்சல் வழியில் எல்எல்.எம். தருவதாக விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?
– வாசகர், ஜனக்புரி

வேண்டாம். சட்டப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. பணம் கட்டும் முன் யுஜிசி தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் படிப்பின் பெயரையும் சரிபாருங்கள்.