இறக்கையில் வெள்ளி டேப்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விமான ஜன்னலிலிருந்து எடுத்த படம் ஒன்று பரவுகிறது. இறக்கை முழுக்க வெள்ளி நிற டேப். ஓட்டை விமானத்தை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்களா?

பதில்: இப்படிப் பரவும் படங்களில் பல போயிங் 787 விமானத்துடையவை. அதன் இறக்கை கார்பன் இழைக் கலவையால் ஆனது. பெயின்டை ஊடுருவும் புற ஊதாக் கதிர், அடியில் முதல் பூச்சாக உள்ள பிரைமரின் பிடிப்பைக் கெடுக்கிறது. பறக்கும்போது இறக்கை வளைந்து நிமிர, தளர்ந்த பெயின்ட் உரிகிறது. உரிந்த இடத்தில் வெயில் நேராகப் பட்டால் இழைகளைப் பிணைக்கும் ரெசின் பாழாகும். டேப் அந்த வெயிலைத்தான் மறைக்கிறது. இறக்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. மறுபடி பெயின்ட் அடிக்க விமானத்தை ஹேங்கர் எனும் கொட்டகையில் நிறுத்தியாக வேண்டும், அதுவரை இந்த ஏற்பாடு. பார்க்க அசிங்கம்தான், மறுப்பதற்கில்லை.

கேள்வி: கடையில் விற்கும் டக்ட் டேப்தானே அது?

பதில்: நிறம் மட்டுமே ஒன்று. டக்ட் டேப் என்பது துணி, பாலிஎதிலீன், ரப்பர் பசை. இது ‘ஸ்பீட் டேப்’: மெல்லிய அலுமினியத் தாள், அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பசை. மேலே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழான குளிர், தரையில் சுடும் வெயில், இரண்டையும் தாங்கும்.

கேள்வி: மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பிய்ந்து போகாதா?

பதில்: ஒட்டும் விதத்தில் இருக்கிறது. தளர்ந்த பெயின்டைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பானால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, நன்றாக உலர விடுவார்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டுவார்கள். கூர்மையான மூலையில்தான் காற்று முதலில் பிடித்துத் தூக்கும். பல துண்டுகள் வேண்டுமென்றால் பின்னாலிருந்து முன்னோக்கி ஒட்டிவர வேண்டும். அப்போதுதான் முன் துண்டு பின் துண்டின் விளிம்பின் மேல் படியும், ஓடு வேய்வது போல. கடைசியில் பிளாஸ்டிக் தேய்ப்பானால் நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்தித் தேய்த்துக் காற்றுக்குமிழியை வெளியேற்றுவார்கள். இதையும் மீறி உரிந்தால், ஈரத்தின் மேலோ, ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவின் மேலோ, குளிர்ந்த தகட்டின் மேலோ அவசரமாக ஒட்டியிருப்பார்கள்.

கேள்வி: யார் வேண்டுமானாலும் ஒட்டலாமா?

பதில்: கூடாது. எந்த இடம், எவ்வளவு பரப்பு, எத்தனை பறப்புக்கு ஒருமுறை சோதனை, எதற்குள் நிரந்தரப் பழுதுபார்ப்பு என்பதெல்லாம் தயாரிப்பாளர் அங்கீகரித்த பழுதுபார்ப்பு ஆவணங்களில் இருக்கும். உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுமை தாங்கும் பாகத்தில் விரிசல் என்றால் டேப் ஒட்டிச் சமாளிக்க முடியாது.

கேள்வி: டேப்பால் விபத்தே நடந்ததில்லையா?

பதில்: நடந்திருக்கிறது, ஆனால் பழுதுபார்த்த டேப்பால் அல்ல. 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு நிறுவனத்தின் 603-ஆம் எண் விமானம், ஒரு போயிங் 757. விமானத்தைக் கழுவியபோது, காற்றழுத்தம் அளக்கும் துளைகளில் தண்ணீர் புகாமலிருக்க ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். கிளம்புமுன் நடந்த சோதனையிலும் அது கண்ணில் படவில்லை. உயரமானியும் வேகமானியும் தவறாகக் காட்ட, இருட்டில் விமானம் பசிபிக் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள்.

கேள்வி: டேப் படபடப்பதைப் பார்த்தால் பயணி என்ன செய்யலாம்?

பதில்: படத்தைப் பதிவேற்றுமுன் விமானப் பணியாளரிடம் காட்டுங்கள். எந்த வரிசை ஜன்னல், இடமா வலமா, இறக்கையின் முன்விளிம்பா பின்விளிம்பா என்று சொன்னால் விமானிக்குத் தகவல் போகும். தரையில் நிற்கும்போதே சொன்னால் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வழியுண்டு.