இரண்டு கோர் ஒதுக்கியும் ஒன்று ஏன் சும்மா கிடக்கிறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ரைஸ்மில்லில், கறுப்பேறிய அரிசியைக் கேமராவில் பிடித்துக் காற்றடித்துத் தள்ள, ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டரில் சி மொழியில் புரோகிராம் எழுதியிருக்கிறேன். அவ்வப்போது வால்வு தாமதமாகத் திறந்து நல்ல அரிசி போய்விடுகிறது. லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் ஐசோல்சிபியூஸ் (isolcpus) போட்டு, பிராசஸரின் நாலு கோர்களில் (0 முதல் 3 வரை) 2, 3-ஐ ஒதுக்கினேன். எந்தக் கோரில் ஓட வேண்டும் என்று சொல்லும் டாஸ்க்செட் மூலம் புரோகிராமை அந்த இரண்டிலும் ஓட்டினேன். முன்பைவிட மோசம். கோர்களின் சுமையைக் காட்டும் ஹெச்டாப்பில் 2 திணறுகிறது, 3 சும்மா கிடக்கிறது.

பதில்: ஹெச்டாப்பைத் திறந்து பார்த்தீர்களே, பாதி வேலை முடிந்தது.

ஐசோல்சிபியூஸ் சொன்ன கோர்களை, வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர் தன் சுமைப் பங்கீட்டிலிருந்தே விலக்கிவிடும். வேறு புரோகிராம்கள் தானாக அங்கே வராது. நீங்கள் கேட்டது அதைத்தான். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த த்ரெட்களை (ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளை) பிரித்து வைக்கவும் யாரும் வர மாட்டார்கள். மடை மாற்ற ஆளில்லாத வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமடை மூழ்கும், கடைமடை காயும். உங்கள் 3-ஆம் கோர் கடைமடை.

அதனால் டாஸ்க்செட்டை விட்டுவிடுங்கள். புரோகிராமைச் சாதாரணமாகத் தொடங்கினால் 0, 1-இல் ஓடும். கேமரா த்ரெட் தன் முதல் வேலையாக எந்தக் கோர் என்று குறிக்கும் ஷெட்_செட்அஃபினிட்டியை (sched_setaffinity) அழைத்து 2-க்குப் போகட்டும். வால்வு த்ரெட் 3-க்கு. அதற்குக் கொடுக்கும் மாஸ்க்கில், அதாவது அனுமதித்த கோர்களின் பட்டியலில், ஒரே ஒரு கோர்தான் இருக்க வேண்டும். முதல் மதிப்பாக 0 கொடுத்தால், அழைக்கும் த்ரெட் மட்டுமே நகரும், முழுப் புரோகிராமும் அல்ல. திரும்பி வரும் மதிப்பையும் சோதியுங்கள். கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்ற தனிச் சூழலுக்குள்) ஓட்டினால், அதற்கு அனுமதித்த கோர்களைத் தாண்டிப் போக முடியாது.

இன்னொரு பொறி: இந்த ஒதுக்கீடு பரம்பரைச் சொத்து. ஒரு த்ரெட் உருவாக்கும் புது த்ரெட்டுக்கும், ஃபோர்க் செய்து பிறந்த பிள்ளை புராசஸுக்கும் அதே மாஸ்க் போகும். எக்ஸெக் செய்து வேறு புரோகிராமாக மாறினாலும் மாஸ்க் மாறாது. படத்தை அலசும் லைப்ரரி, கேமரா த்ரெட்டுக்குள்ளிருந்து நாலு த்ரெட் கிளப்பினால் நாலும் 2-இலேயே முட்டிக்கொள்ளும். லைப்ரரியை ஒரே த்ரெட்டில் ஓடச் சொல்லுங்கள். லாக் எழுதுவது, நெட்வொர்க் எல்லாம் மெயின் த்ரெட்டிலிருந்தே கிளம்பட்டும்.

ஹார்டுவேர் அனுப்பும் குறுக்கீடுகளான இன்டரப்டுகளை ஐசோல்சிபியூஸ் தடுக்காது. ஐஆர்க்யூஅஃபினிட்டியை (irqaffinity) 0, 1 என்று அதே பூட் வரியில் சேருங்கள். முடிந்தவரை அவை அந்தப் பக்கம் போகும். ரீபூட் இல்லாமல் ஒதுக்க வேண்டுமென்றால் புராசஸ்களைக் குழுவாகக் கட்டுப்படுத்தும் சிகுரூப் 2-இல் சிபியூசெட் பார்ட்டிஷனை ஐசோலேட்டட் என்று மாற்றும் வழி புதிய கர்னல்களில் உண்டு. எப்போதும் ஒரே வேலை செய்யும் பெட்டிக்கு அது தேவையில்லை என்பேன்.

அப்புறம், பை எங்கே இருக்கிறது? நெல் அவிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் என்றால் முதலில் அதை நகர்த்துங்கள். சிப் 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை எந்த அஃபினிட்டியாலும் சரிசெய்ய முடியாது.